ஒன்றேமுக்கால் சென்ட்

ஆட்சேபணை எழுதியது நான்தான்.
நீல மையில், கோடு போடாத தாளில்,
வரி கோணாமல்.
பொருள்: ஏரிக்கரை மனையில் வீடு கட்ட
பெர்னதெத் என்பவர் கோரும் விதிவிலக்கை
மறுக்க வேண்டுதல்.
இருபத்தாறு வருஷம் தமிழ் எடுத்தவள்.
ஓர் ஒற்றுப்பிழை இருக்காது.

இருபதடி அகலத்தில்
கழிவுநீர்த் தொட்டியை எங்கே தோண்டுவார்,
ஏரிக்குள்ளா என்று கேட்டிருந்தேன்.
போன கோடையில் படகுத்துறை ஓரம்
வயிறு வெளுத்து மிதந்த கெண்டைகளைச் சொல்லியிருந்தேன்.
அத்தனையும் உண்மை.
என் சமையலறை ஜன்னலில் தெரிகிற
கையகலத் தண்ணீரைப் பற்றி மட்டும்
எழுதவில்லை.
அவள் சுவர் எழும்பினால் அது போய்விடும்.

இப்போது அங்கே ஒரு தகரக் கொட்டகை.
வாடகை சைக்கிள்கள் பதினொன்று,
ஆட்கள் நாலு பேர்.
மழை பெய்தால் அவர்கள் வீட்டில்
யாரும் பேசிக்கொள்வதில்லை.
கேட்காது.

சர்வேயர் தணிகைவேல் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார்.
டேப்பின் ஒரு நுனி பெர்னதெத் கையில்,
மறுநுனி என் கையில்.
வேறு ஆள் இல்லை.
கரை எது என்பதில் அவருக்கே சந்தேகம்:
மே மாதத்துக் கரையா, ஐப்பசிக் கரையா?
வரைபடத்தில் ஏரி அசையாமல் நிற்கிறது.
இங்கே கோரைக்குள் அவர் ஷூ
ஒன்று போனது, ஒன்று வந்தது.

என் சுவர்ப் பக்கம் வந்ததும்
இரண்டு தடவை அளந்தார்.
பிறகு மூன்றாவது தடவை.
"இது எப்போ வச்ச செவருங்கம்மா?"
தொண்ணூற்றெட்டில். நூல் பிடித்துத்தான் வைத்தார்கள்.
யார் பிடித்த நூலோ.
ஒன்றேகால் அடி, நீளம் முழுக்க.
என் ஹைட்ராஞ்சியாத் தொட்டிகள்
வரிசையாக அவள் மனைக்குள் பூத்திருந்தன.
"நல்லா பூத்திருக்கு டீச்சர்" என்றாள்
டேப்பைச் சுருட்டிக்கொண்டே.

விசாரணை, நகராட்சிக் கட்டிடத்தின் மாடியில்.
எங்களுக்கு முன்னால் ஒரு விடுதிக்காரர்:
மூன்று மனையை ஒன்றாக்கியவர்,
வக்கீல், வண்ணத்தில் படம்.
நாற்பது நிமிஷம் கழித்து
"பரிசீலிக்கலாம்" என்றார்கள்.
எங்களுக்கு ஆறு நிமிஷம்.
சுவரைப் பற்றி நானே எழுந்து சொன்னேன்.
வகுப்பறைக் குரல்தான் வந்தது,
யாரோ ஒரு மாணவியின் தப்பைச் சொல்வதுபோல.

ஆணையர் கால்குலேட்டரைத் தட்டினார்.
"அதச் சேத்தாலும் ரெண்டு சென்ட் வரலையே மேடம்.
விதிக்கு மூணு வேணும்."
பக்கத்துக்கு அஞ்சடி விட்டு,
முன்னால் விட்டு, ஏரிக்கு விட்டு,
மிஞ்சியதைப் பென்சிலால் கறுப்பாக்கிக் காட்டினார்.
ஒருவர் படுக்கலாம்.
புரண்டு படுத்தால் விதிமீறல்.

நிராகரிக்கப்பட்டது.
முப்பது நாளுக்குள் மேல்முறையீடு.

திரும்பும்போது ஒரே சாலைதான் இருவருக்கும்.
குதிரைச் சாணம், சோளம் சுடும் புகை,
ஏழு ரோடு தாண்டியும் பேச்சில்லை.
படகுத்துறை அருகே நின்று
பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள்.
உள்ளே என் ஆட்சேபணையின் நகல்,
நாலாக மடித்தது.
"இத ரெண்டு தடவ படிச்சேன் டீச்சர்.
அந்த கெண்ட மீன் எடத்துல
எனக்கே அழுக வந்துருச்சு."

அப்புறம் சொன்னாள்:
"மேல்முறையீட்டையும் நீங்களே எழுதித் தாங்க.
இந்த மாதிரி எனக்கு வராது."

கழிவுநீர்த் தொட்டிக்கு என்ன சொல்வது, என்றேன்.
"அதுக்குத்தானே உங்ககிட்ட கேக்குறேன்."

இரவு மை நிரப்பினேன்.
பொருள் என்று எழுதி
இரண்டு புள்ளி வைத்தேன்.
பக்கத்தில் தகரத்தின் மேல்
மழை பிடித்துக்கொண்டது.